மூன்று யார்டுக்கு ஒரே தரவுத்தளம்: காக்ரோச்டிபியா, யூகாபைட்டிபியா, டைடிபியா?

கேட்கப்பட்டது இது. மணலி, மாதவரம், திருவொற்றியூர் மூன்று இடத்திலும் கன்டெய்னர் யார்டு வைத்திருக்கும் ஒரு நிறுவனம். கேட் பாஸ், பில், வண்டி நடமாட்டம் எல்லாமே போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் உள்ள ஒரே ஒரு சர்வரில் ஓடுகிறது. பில் கணக்கில் ஸ்டோர்ட் ப்ரொசீஜரும் டிரிகரும் (தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதிவைத்த நிரல்கள்) நிறைய. அந்த சர்வர் மணலி அலுவலகத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4,000 டிரெய்லர் வந்து போகிறது. 1,200 வண்டிகளில் ஜிபிஎஸ் பொருத்தியிருக்கிறார்கள். போன மழையில் மணலியில் கரன்ட்டும் இணைப்பும் போக, மூன்று யார்டின் கேட்டும் நின்று, வண்டிகள் ரோட்டில் வரிசை கட்டிவிட்டன. "இனிமேல் நிற்கக் கூடாது. நாளைக்குக் காட்டுப்பள்ளி, தூத்துக்குடி என்று போனாலும் தாங்க வேண்டும். காக்ரோச்டிபி, யூகாபைட்டிபி, டைடிபி மூன்றில் எது?" என்று முதலாளி கேட்கிறார். பார்த்துக்கொள்ள இருப்பது நீங்களும் இன்னொரு பையனும் மட்டும்.

மூன்றில் ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் நிலைமைக்கு யூகாபைட்டிபி. ஏன் என்று கீழே சொல்கிறேன். ஆனால் போன மழையில் உங்கள் கேட் நின்றதே, அதை இந்த மூன்றில் எதுவும் தனியாகத் தடுத்திருக்காது. முதலாளியிடம் பட்ஜெட் பேசுவதற்கு முன்னால் இதை நீங்கள் முழுசாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பல கணினிகளில் பரவி ஓடும் இந்த வகைத் தரவுத்தளங்கள் எல்லாம் கூகுள் தன் ஸ்பேனர் தரவுத்தளம் பற்றி 2012-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் வழியில் வந்தவை. அட்டவணையைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் வெவ்வேறு கணினியில் மூன்று பிரதி இருக்கும். அந்த மூன்றில் ஒன்று தலைமை. எழுதும்போது தலைமையும் இன்னொரு பிரதியும், அதாவது மூன்றில் இரண்டு, வட்டில் எழுதிவிட்டோம் என்று சொன்னால்தான் கமிட் ஆகும், அதாவது பதிவு உறுதியாகும். இந்தப் பெரும்பான்மைக் கணக்கைப் பார்த்துக்கொள்வது ராஃப்ட் என்ற நெறிமுறை. டியேகோ ஒங்காரோவும் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் 2014-இல் வெளியிட்டது. நீங்கள் சொன்ன மூன்று தரவுத்தளமும் ராஃப்ட்டைத்தான் பயன்படுத்துகின்றன. மூன்று பிரதி என்றால் ஒன்று போனால் தாங்கும். ஐந்து என்றால் இரண்டு போனால் தாங்கும். இரண்டு பிரதி மட்டும் வைத்தால் ஒன்று போனதுமே பெரும்பான்மை கிடையாது, எழுதுவது நின்றுவிடும்.

இப்போது ஒரு நோடு (தரவுத்தளம் ஓடும் ஒரு கணினி) மணலியில், ஒன்று மாதவரத்தில், ஒன்று திருவொற்றியூரில் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். மழையில் மணலி இணைப்பு அறுகிறது. மணலி நோடுக்குக் கரன்ட் இருக்கிறது, வட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் மற்ற இரண்டோடு பேச முடியவில்லை. என்ன ஆகும்? மாதவரமும் திருவொற்றியூரும் இரண்டு ஓட்டு சேர்ந்து வேலையைத் தொடரும். மணலி கேட் நிற்கும். எதையும் எழுத முடியாது, சரியான தற்போதைய நிலையைப் படிக்கவும் முடியாது. இதை யாரும் பிழை என்று சொல்ல முடியாது. தனித்து விடப்பட்ட பக்கம் எழுத ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் வேறு வேறு கணக்கு வைக்கும் என்பதால், வேண்டுமென்றேதான் அதை நிறுத்துகிறார்கள். எரிக் புரூவர் 2000-இல் சொல்லி, கில்பர்ட்டும் லிஞ்சும் 2002-இல் நிரூபித்த விஷயம்: இணைப்பு அறுந்த நேரத்தில் ஒரே கணக்கு, எல்லா இடத்திலும் எழுதும் வசதி இரண்டும் சேர்ந்து கிடைக்காது. இவை எல்லாம் ஒரே கணக்கைத் தேர்ந்தெடுத்தவை. பணம் புழங்கும் இடத்துக்கு அதுதான் சரி.

ஆக, கணினி செத்தால் தாங்குவது வேறு, கேட்டுக்கும் உலகத்துக்கும் நடுவில் கம்பி அறுந்தால் தாங்குவது வேறு. வடசென்னையில் உங்களுக்கு அடிக்கடி வருவது இரண்டாவது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் இரண்டையும் இங்கே இருந்தவர்கள் மறக்கவில்லை. ஒரு சர்வர் பழுதாவதற்காக யாரும் புயல் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் மூன்று யார்டையும் ஒரே நாளில் நிறுத்தியது எது என்று பார்த்தால், மணலி அலுவலகத்துக்குள் வந்த இணைப்பும் கரன்ட்டும்தான்.

அதனால் கேட்டை முதலில் தரவுத்தளத்திலிருந்து பிரித்து நிறுத்துங்கள். ஒவ்வொரு கேட்டிலும் ஒரு சின்னக் கணினி, யூபிஎஸ், இரண்டு வேறு நிறுவனங்களின் இணைப்பு: ஒன்று ஃபைபர், இன்னொன்று சிம். அந்தக் கணினியில் எஸ்க்யூலைட் என்ற, ஒரே கோப்பில் இயங்கும் சின்னத் தரவுத்தளம் போதும். வண்டி வந்ததும் கேட் ஊழியர் பதிவது முதலில் உள்ளூர்க் கோப்பில் எழுதப்படும். அப்புறம் பின்னணியில் ஒரு நிரல் அதை மையத் தரவுத்தளத்துக்கு வரிசையாக அனுப்பும். ஒவ்வொரு பதிவுக்கும் கேட்டிலேயே ஒரு யூயூஐடி (வேறு எந்தப் பதிவுக்கும் வராத அடையாள எண்) கொடுத்துவிடுங்கள். இணைப்பு விட்டு விட்டு வரும்போது ஒரே பதிவு இரண்டு தரம் போகும். மையத்தில் அந்த அடையாளம் ஏற்கெனவே இருந்தால் சத்தமில்லாமல் விட்டுவிடும்படி எழுதியிருக்க வேண்டும். அனுப்பாமல் நிற்கும் பதிவுகள் எத்தனை என்பதை கேட் திரையின் மூலையில் எப்போதும் காட்டுங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் ஊழியரே உங்களுக்குப் போன் பண்ணுவார்.

உடனே ஒரு கேள்வி வரும்: இணைப்பு இல்லாத நேரத்தில் ஒரே கன்டெய்னரை இரண்டு இடத்தில் வெளியே விட்டுவிட்டால்? நடைமுறையில் இது நடக்காது. பெட்டி ஒரு நேரத்தில் ஒரு யார்டில்தான் இருக்கிறது. எந்த யார்டில் நிற்கிறதோ அந்த யார்டுதான் அதன் வெளியேற்றத்தை எழுதலாம் என்று விதி வைத்தால் மோதலுக்கே இடமில்லை. ஒரு யார்டுக்கு இரண்டு கேட் இருந்தால், அந்த இரண்டு கேட்டும் யார்டுக்குள் இருக்கும் ஒரே கணினியோடு பேசட்டும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சுங்கத்தின் அவுட் ஆஃப் சார்ஜ் (சரக்கை வெளியே எடுக்கும் அனுமதி) வந்ததா, டெலிவரி ஆர்டர் (கப்பல் நிறுவனத்தின் ஒப்படைப்பு உத்தரவு) இருக்கிறதா, பாக்கி கட்டியாயிற்றா என்ற தகவல் மையத்திலிருந்து வர வேண்டும். அதன் பிரதி ஒன்று கேட் கணினியில் இருக்கட்டும், எந்த நேரத்து நிலவரம் என்ற குறிப்போடு. அது எவ்வளவு நேரம் பழசாகும் வரை பெட்டியை வெளியே விடலாம் என்பதை முதலாளியும் கணக்குப் பிரிவும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். சுங்க அனுமதி ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் மாறாது. ஆனால் தடை போட வாய்ப்பு உண்டு என்பதால், இணைப்பு இல்லாதபோது அனுமதி ஏற்கெனவே பதிவான பெட்டிகளை மட்டும் விடுவது, மற்றதை நிறுத்துவது என்று கடுமையாகவே வைத்துக்கொள்ளுங்கள். காலி பெட்டிகளும் உள்ளே வரும் வண்டிகளும் தடையில்லாமல் ஓடும். ரோட்டில் நிற்கும் வரிசையில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

கேட் தனியாக நிற்கப் பழகிவிட்டால் மையத் தரவுத்தளத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி எளிதாகிறது. யார்டுகளில் வைக்க வேண்டாம். மணலி, திருவொற்றியூர், மாதவரம் மூன்று முகவரியாகத் தெரியலாம், புயலுக்கு அது ஒரே முகவரி. பூண்டியில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு மணலி புதுநகர் பக்கம் ஏறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்று நோடும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் போகுமென்றால் ராஃப்ட் எதையும் காப்பாற்றாது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கிளவுடில் மும்பை மண்டலத்தில் தனித்தனிக் கட்டடம், தனித்தனி மின்சாரம் கொண்ட மூன்று பகுதிகளில் ஒவ்வொரு நோடு. இன்னொன்று, மூன்று ஊர்: அம்பத்தூர் அல்லது சிறுசேரியில் ஒரு டேட்டா சென்டர், ஹைதராபாத்தில் ஒன்று, மும்பையில் ஒன்று.

ஊர் விட்டு ஊர் போவதற்கு ஒரு விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் 1,000 கிலோமீட்டர் சொச்சம். போய் வர 10 மில்லிநொடிக்குக் குறையவே முடியாது. கேபிள் நேர்க்கோட்டில் போகாததால் நடைமுறையில் இன்னும் கூடும். ஹைதராபாத் அதில் பாதித் தூரம். தலைமைப் பிரதி சென்னையில் இருந்தால் கமிட்டுக்கு வேண்டிய இரண்டாவது ஓட்டு பக்கத்திலிருக்கும் ஹைதராபாத்திலிருந்தே வந்துவிடும், மும்பைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு கமிட்டுக்கு இந்தத் தாமதம் பெரிய விஷயமே இல்லை. ஆனால் உங்கள் பில் திரை ஒரு தடவை திறக்கத் தரவுத்தளத்திடம் 40 கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது, அதில் பாதி வேறு ஊரில் இருக்கும் தலைமைக்குப் போகிறது என்றால், அதே 10 மில்லிநொடி 20 தடவை சேரும். ஓஆர்எம் (கேள்விகளைத் தானாக எழுதித் தரும் நூலகம்) வைத்து எழுதிய பழைய நிரல்களில் இது சாதாரணமாக இருக்கும். எந்தத் தரவுத்தளமாக இருந்தாலும், மாறும் முன்பு ஒரு திரைக்கு எத்தனை கேள்வி போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது அளவு. "ஸ்கேல்" என்ற சொல்லைக் கேட்டதும் பெரிய தரவுத்தளத்துக்கு ஓடுவதற்கு முன் உங்கள் எண்களை வகுத்துப் பார்ப்போம். 4,000 டிரெய்லர், ஒவ்வொன்றுக்கும் தாராளமாக 50 பதிவு என்று வைத்தால் நாளைக்கு 2 லட்சம். ஒரு நாளில் 86,400 நொடி. நொடிக்கு இரண்டு மூன்று பதிவுதான் வருகிறது. வேலை நேர நெரிசலுக்கு இதைப் பத்து மடங்கு ஆக்கினாலும், நல்ல எஸ்எஸ்டி உள்ள ஒரு சாதாரண போஸ்ட்கிரெஸ் சர்வர் அதைக் கவனிக்கக்கூடச் செய்யாது. கனம் எல்லாம் ஜிபிஎஸ்ஸில்தான் இருக்கிறது. 1,200 வண்டி 10 நொடிக்கு ஒருமுறை இடம் சொன்னால் நொடிக்கு 120 பதிவு, நாளைக்கு ஒரு கோடிக்கும் மேல். இதுவும் போஸ்ட்கிரெஸுக்குக் கஷ்டமான வேகம் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் சேரும்போது அட்டவணை வீங்கி, பேக்கப் நீண்டு, பில் கேள்விகளையும் சேர்த்து மெதுவாக்கும். அதை வேறு தரவுத்தளத்துக்கு நகர்த்துங்கள். நாள்வாரியாகப் பார்ட்டிஷன் போட்டு, மூன்று மாதத்துக்கு முந்தையதைச் சுருக்கி ஒதுக்கிவிடுங்கள். வண்டி பத்து நொடிக்கு முன் எங்கே இருந்தது என்ற ஒரு பதிவு தொலைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பில்லில் ஒரு பதிவு தொலைந்தால் நஷ்டம். இரண்டையும் ஒரே அளவு பாதுகாப்போடு வைப்பது பணத்தை வீணாக்குவது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் இந்த வருடத்துக்கு நான் சொல்வது போஸ்ட்கிரெஸ்தான், ஆனால் மூன்று இடத்தில். ஒரு முதன்மை, இரண்டு துணை. இரண்டில் ஏதாவது ஒன்று எழுதி முடித்தால் கமிட் என்று அமைக்கும் வசதி 2017-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10 முதல் இருக்கிறது. துணை ஒன்று மட்டும் வைத்து ஒத்திசைவில் (துணை எழுதி முடிக்கும் வரை முதன்மை காத்திருக்கும் முறையில்) ஓட்டாதீர்கள். அந்தத் துணை போனால் முதன்மையும் காத்துக்கொண்டு நிற்கும். முதன்மை போனால் அடுத்ததைத் தானாக உயர்த்த பேட்ரோனி என்ற கருவி, அதன் கீழே, யார் முதன்மை என்பதைக் குறித்துவைக்கும் மூன்று உறுப்பு எட்சிடி. எட்சிடிக்குள் ஓடுவதும் அதே ராஃப்ட்தான். ஆகப் பெரும்பான்மை என்ற பாதுகாப்பு உங்களுக்கு இங்கேயும் கிடைக்கிறது. உங்கள் நிரலில் ஒரு வரி மாற்ற வேண்டாம். முதன்மை மாறும் நேரத்தில் சில நொடிகள், மோசமானால் ஒரு நிமிடத்துக்குப் பக்கம், எழுத முடியாது. கேட்டில் உள்ளூர் வரிசை இருப்பதால் அதை யாரும் உணர மாட்டார்கள்.

ஒத்திசைவில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்புக்கு 2018 அக்டோபர் 21-இல் நடந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பிணைய இணைப்பு 43 நொடி மட்டும் அறுந்தது. தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரை மைஎஸ்க்யூஎல் சர்வர்களை முதன்மையாக உயர்த்தியது. கிழக்கில் எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவே இல்லை, மேற்கில் புதுப் பதிவுகள் வர ஆரம்பித்துவிட்டன. இரண்டு கணக்கையும் இழக்காமல் சரிசெய்ய 24 மணி 11 நிமிடம் சேவை பழுதுபட்டிருந்தது. இதைக் கிட்ஹப்பே விளக்கமாக எழுதி வெளியிட்டது. தலைமையைத் தேர்ந்தெடுக்கும் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தரவு பெரும்பான்மைக்குப் போகாமல் கமிட் ஆகியிருந்தால் இந்தப் பள்ளம் அப்படியே இருக்கும்.

சரி, எப்போது போஸ்ட்கிரெஸை விட்டு உண்மையிலேயே நகர வேண்டும்? எழுதும் வேகம் ஒரே கணினியின் வட்டுக்கு மேல் போகும்போது. தரவு ஒரு சர்வரில் அடங்காமல், அல்லது அடங்கினாலும் மீட்டெடுக்க ஒரு நாள் ஆகும் அளவு வளரும்போது. தூத்துக்குடி, காட்டுப்பள்ளி என்று பல ஊர்களிலும் அந்தந்த ஊர்த் தரவுக்கு அங்கேயே தலைமை வேண்டும், ஆனாலும் மொத்தமும் ஒரே தரவுத்தளமாக, ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (ஒன்றாக முடியும், அல்லது ஒன்றாக ரத்தாகும் மாற்றங்களின் தொகுப்பு) வர வேண்டும் எனும்போது. பதிப்பு மாற்றும்போதுகூட நிறுத்த முடியாது எனும்போது. இதில் இரண்டு பொருந்தினால் இறங்கலாம். அப்போது எது என்பதை வேகச் சோதனைப் பட்டியல்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் நிரல் இப்போது எந்த மொழி பேசுகிறது என்பதுதான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கும்.

உங்களுடையது போஸ்ட்கிரெஸ், அதுவும் பில் கணக்கில் ஸ்டோர்ட் ப்ரொசீஜரும் டிரிகரும் நிறைய என்று சொன்னீர்கள். யூகாபைட்டிபியை 2016-இல் தொடங்கியவர்கள் ஃபேஸ்புக்கில் வேலை பார்த்த கண்ணன் முத்துக்கருப்பன், கார்த்திக் ரங்கநாதன், மிகைல் பவுட்டின். அவர்கள் போஸ்ட்கிரெஸின் மேல்பாதிக் குறிமுறையையே எடுத்து, கீழே தங்கள் சொந்தப் பரவலான சேமிப்பை வைத்தார்கள். முன்பு போஸ்ட்கிரெஸ் 11.2, 2025-இல் வந்த பதிப்புகளில் 15. அதனால் டிரிகர், ப்ரொசீஜர், நீட்சிகள் பலவும் அப்படியே ஓடும். 2019 முதல் முழுதும் அப்பாச்சி 2.0 உரிமம். உங்களைப் போல இரண்டு பேர் குழுவுக்கு உரிமத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்பதே நிம்மதி. இதன் கஷ்டம், அட்டவணைகளைச் சும்மா உருவாக்கினால் முதல் திறவுகோலை (பதிவைத் தேட உதவும் பத்தியை) ஹாஷ் செய்து, அதாவது வரிசையைக் கலைத்துப்போட்டு, பிரித்துவிடும். "போன வாரம் வந்த பெட்டிகள்" என்று தேதி வரம்பில் கேட்டால் எல்லாத் துண்டையும் தட்டும். வரம்புக் கேள்வி வரும் இன்டெக்ஸ்களுக்கு ஏறுவரிசை என்று நீங்களே குறிப்பிட வேண்டும்.

காக்ரோச்டிபி மூன்றில் இயக்குவதற்கு எளிது. ஒரே பைனரி, மூன்று கணினியில் போட்டால் கிளஸ்டர். கூகுளில் இருந்து வந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ், பென் டார்னெல் 2015-இல் தொடங்கிய நிறுவனம். பொறியியல் தரத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் போஸ்ட்கிரெஸ் பேசும் முறையை மட்டும்தான் ஏற்கிறது, உள்ளே இருப்பது முழுக்க அவர்களுடைய சொந்த எஸ்க்யூஎல். ப்ரொசீஜரும் டிரிகரும் அண்மை ஆண்டுகளில்தான் வந்தன. அப்புறம் உரிமம். 2024 நவம்பரிலிருந்து இலவசக் கோர் பதிப்பை எடுத்துவிட்டு ஒரே நிறுவன உரிமமாக்கினார்கள். ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலருக்குக் கீழே இருந்தால் இலவசம், ஆனால் பயன்பாட்டுத் தகவலை அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் முதலாளி வளர வேண்டும் என்கிறார். வளர்ந்தால் அந்தக் கோட்டைத் தாண்டுவார். அப்போது என்ன விலை என்று இன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டைடிபி, பிங்கேப் என்ற சீன நிறுவனம் 2015-இல் தொடங்கியது. மைஎஸ்க்யூஎல் பேசும். அதன் சேமிப்பு அடுக்கான டைகேவி 2020-இல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனில் முதிர்ந்த திட்டமாக ஏற்கப்பட்டது. டைஃபிளாஷ் என்ற நெடுவரிசைப் பிரதியை வைத்து அறிக்கைகளையும் அதே இடத்தில் வேகமாக எடுக்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் இருந்து, பெரிய அளவில் வருபவர்களுக்கு இதுவே என் முதல் பரிந்துரை. உங்களுக்கு வேண்டாம். ஸ்டோர்ட் ப்ரொசீஜரும் டிரிகரும் இதில் இல்லை. உங்கள் பில் பகுதியை முழுசாகத் திருப்பி எழுத வேண்டிவரும். தவிர, உற்பத்திக்குக் குறைந்தது டைடிபி இரண்டு, மேலாண்மைப் பகுதியான பிடி மூன்று, டைகேவி மூன்று என்கிறார்கள். இரண்டு பேருக்கு அது அதிகம்.

ஸ்பேனர், அமேசான் அரோரா டிஎஸ்க்யூஎல் போன்றவற்றை நீங்கள் நடத்த வேண்டாம், அவர்களே நடத்துவார்கள். அதற்காகவே பரிசீலிக்கலாம். ஆனால் டிஎஸ்க்யூஎல் 2025 மே மாதம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது அயல் திறவுகோல் (ஓர் அட்டவணை குறிப்பிடும் பதிவு இன்னொன்றில் இருக்கிறதா என்று தரவுத்தளமே பார்ப்பது) கிடையாது, ஒரு டிரான்சாக்ஷனில் 3,000 பதிவுக்கு மேல் மாற்ற முடியாது. மாதக் கடைசியில் மொத்தப் பில் போடும் உங்கள் வேலை அங்கேயே முட்டும்.

எதற்கு மாறினாலும் உங்களைக் கடிக்கப்போவது எண்கள். கேட் பாஸ் எண் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகிறது, அதுவே பிரைமரி கீ, அதாவது பதிவின் முதன்மைத் திறவுகோல். வரம்பு வைத்துப் பிரிக்கும் தரவுத்தளத்தில் புதிய எண்கள் எல்லாம் கடைசித் துண்டில் போய் விழும். மூன்று கணினி வாங்கி ஒன்றுக்கு மட்டும் வேலை கொடுத்த கதை. ஜிபிஎஸ் அட்டவணையில் நேரத்தை முதல் திறவுகோலாக வைத்தாலும் இதேதான். அடுத்தது, எண்களின் வரிசை. டைடிபியில் ஒவ்வொரு நோடும் 30,000 எண்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளும். யூகாபைட்டிபியின் சீக்வென்ஸ் (எண் வழங்கும் பகுதி) 100 எண் வீதம் எடுக்கும். ஆகவே ஒரு நோடு 205 கொடுக்கும் நேரத்தில் இன்னொன்று 310 கொடுக்கும். கேட் பாஸுக்குப் பரவாயில்லை, ஜிஎஸ்டி பில்லுக்கு முடியாது. சிஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண் 16 எழுத்துக்கு மிகாத தொடர் எண்ணாக, நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். ஆனால் அதே விதி ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை அனுமதிக்கிறது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்துங்கள். யார்டுக்கு ஒரு தொடர், ஒவ்வொரு தொடருக்கும் கடைசி எண்ணை வைத்திருக்கும் ஓர் எண்ணிப் பதிவு. பில் எழுதும் டிரான்சாக்ஷனுக்குள்ளேயே அந்த எண்ணியை ஒன்று கூட்டி எடுங்கள். டிரான்சாக்ஷன் ரத்தாகித் திரும்பினால் (ரோல்பேக்) எண்ணும் திரும்பிவிடும், இடைவெளி விழாது. இப்போதைய போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸும் ரோல்பேக் ஆனால் எண்ணைத் தாண்டிப் போகும். ஆகவே இந்த மாற்றத்தைத் தரவுத்தளம் மாறாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான்.

இன்னொன்று, மறுமுயற்சி. இரண்டு டிரான்சாக்ஷன் மோதினால் பரவலான தரவுத்தளம் ஒன்றைத் தள்ளிவிட்டு 40001 என்ற பிழை கொடுக்கும். காக்ரோச்டிபியில் இயல்பு நிலையே மிகக் கடுமையான தனிமைப்படுத்தல் (டிரான்சாக்ஷன்கள் ஒன்றையொன்று பாதிக்காதபடி பிரிப்பது) என்பதால் இது அதிகம் வரும். நிரல் அந்தப் பிழையைப் பிடித்து, டிரான்சாக்ஷன் முழுவதையும் தொடக்கத்திலிருந்து திரும்ப ஓட்ட வேண்டும். நடுவில் எஸ்எம்எஸ் அனுப்புவது, பிரிண்டருக்குக் கட்டளை கொடுப்பது போன்றவை டிரான்சாக்ஷனுக்குள் இருந்தால் டிரைவருக்கு இரண்டு சீட்டு வரும். அதையெல்லாம் கமிட்டுக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள்.

நம்பகமானதா என்பதை விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. தரவுத்தளங்களை வேண்டுமென்றே பழுதாக்கிப் பார்க்கும் கைல் கிங்ஸ்பரியின் ஜெப்சன் சோதனைகளைப் படியுங்கள். உங்கள் மூன்றையும் அவர் சோதித்திருக்கிறார். டைடிபி 2.1.7-ஐ 2019-இல் சோதித்தபோது, இயல்பாகவே இயங்கும் தானியங்கி மறுமுயற்சியால் சில மாற்றங்கள் தொலைந்துபோவதைக் காட்டினார். 3.0-இல் அந்த இயல்பை மாற்றினார்கள். பிழை கண்டுபிடிக்கப்பட்டதற்காக ஒரு தயாரிப்பைத் தள்ள வேண்டாம். கண்டுபிடித்த பிறகு எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் கையால் சோதியுங்கள். ஒரு சனிக்கிழமை வேலைச்சுமையைப் பதிவு செய்து, சோதனைக் கிளஸ்டரில் திரும்ப ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைமை இருக்கும் கணினியின் மின் இணைப்பைப் பிடுங்குங்கள். முறையாக நிறுத்துவது சோதனை ஆகாது. அடுத்து கணினியை ஓடவிட்டு, பிணையக் கம்பியை மட்டும் எடுங்கள். வட்டை நிரப்புங்கள். ஒரு கணினியின் கடிகாரத்தைத் தள்ளிவையுங்கள். காக்ரோச்டிபி, யூகாபைட்டிபி இரண்டும் இயல்பாக அரை நொடி வரை விலகலைத்தான் ஏற்கின்றன, ஆகவே நேர ஒத்திசைவைக் கண்காணிப்பது கட்டாயம். ஒவ்வொரு தடவையும் எழுதுவது எத்தனை நொடி நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். பில் கொடுத்தாகிவிட்டது என்று நிரல் சொன்ன எல்லா எண்ணும் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று ஒன்றுவிடாமல் சரிபாருங்கள். இந்த இரண்டாவது சரிபார்ப்பு, வேகத்தைவிட முக்கியம்.

பேக்கப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பிரதி பேக்கப் ஆகாது. யாராவது நிபந்தனை இல்லாமல் ஒரு டெலீட் ஓட்டினால் மூன்று இடத்திலும் பெரும்பான்மையோடு அழியும். தனி இடத்தில் தினசரி பேக்கப், எந்த நிமிடத்துக்கும் திரும்பும் வசதி, மாதம் ஒருமுறை அதை எடுத்துப் புதுக் கணினியில் ஏற்றிப் பார்ப்பது, இந்த மூன்றும் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. அதற்குள் கேட் உள்ளூர் வரிசையையும் இரண்டாவது இணைப்பையும் முடித்துவிடுங்கள். கூடவே சர்வரை மணலி அலுவலகத்திலிருந்து வெளியே எடுங்கள். போஸ்ட்கிரெஸை மூன்று இடத்தில் வைப்பதும் ஜிபிஎஸ்ஸைப் பிரிப்பதும் அதற்கடுத்து. யூகாபைட்டிபி சோதனையை ஜனவரிக்குப் பிறகு, மழை ஓய்ந்ததும் ஆரம்பித்தால் போதும். அதற்குள் காட்டுப்பள்ளி உறுதியாகிவிட்டதா என்றும் தெரிந்துவிடும். உங்கள் கேட் பாஸ், பில் அட்டவணைகளின் அமைப்பை, வாடிக்கையாளர் விவரம் இல்லாமல், இங்கே போட்டால் எந்தத் திறவுகோலை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.